டிஸ்னி வேர்ல்டு ட்ரிப்: பாயிண்ட் வாடகைக்கு எடுக்கலாமா, நேரடியா புக் பண்ணலாமா? பலரும் போடாத ஒரு கணக்கு



போன மாசம் வெளிநாட்டு டூர் பட்ஜெட் பத்தி நம்ம சேனல்ல ஒரு வீடியோ போட்டிருந்தேன். அதுக்கு வந்த கேள்விகள்ல ஒண்ணு திரும்பத் திரும்ப வந்தது. "மேடம், ஆர்லாண்டோ டிஸ்னி வேர்ல்டுல ரூம் ரொம்ப காஸ்ட்லியா இருக்கு. யாரோ ஒருத்தரோட பாயிண்ட்டை வாடகைக்கு எடுத்தா பாதி விலைக்கு அதே ரூம் கிடைக்கும்னு ஆபீஸ்ல சொல்றாங்க. நம்பலாமா?"

சுருக்கமான பதில்: விலை குறைவுங்கிறது உண்மைதான், அது ஏமாத்து வேலை இல்ல. ஆனா அந்தக் குறைஞ்ச விலைக்குப் பதிலா நீங்க ஒண்ணை விட்டுக் கொடுக்கறீங்க. அது என்ன, அதோட மதிப்பு எவ்வளவுன்னு கணக்குப் போட்டுட்டு முடிவு பண்ணுங்க. அந்தக் கணக்கைத்தான் இன்னைக்குப் பார்க்கப் போறோம்.

முதல்ல, இந்த பாயிண்ட்னா என்ன?

மால்ல "ஒரு கூப்பன் ஃபில் பண்ணுங்க சார், லக்கி டிரா" சொல்லி உங்க நம்பர் வாங்கியிருப்பாங்க. அடுத்த வாரம் போன் வரும். ஒரு ஹோட்டல் ஹாலுக்குக் குடும்பத்தோட கூப்பிட்டு, ரெண்டு மணி நேரம் உட்கார வெச்சு மெம்பர்ஷிப் விப்பாங்க. அதுதான் டைம்ஷேர். இப்பவே மொத்தமா பணம் கட்டிட்டு, பல வருஷத்துக்கு ரிசார்ட்ல தங்குற உரிமையை வாங்குறது.

டிஸ்னியும் 1991-லிருந்து இதைச் செய்யுது. பேரு டிஸ்னி வெக்கேஷன் கிளப், சுருக்கமா டி.வி.சி. மெம்பர் ஆகுறவங்களுக்கு வருஷா வருஷம் குறிப்பிட்ட அளவு பாயிண்ட் வரும். எந்த ரிசார்ட், எந்த சைஸ் ரூம், எந்த சீசன்னு பார்த்து ஒவ்வொரு ராத்திரிக்கும் இத்தனை பாயிண்ட்னு டிஸ்னி ஒரு சார்ட் வெளியிடும். செப்டம்பர் மாதிரி கூட்டம் குறைஞ்ச நேரத்துல பாயிண்ட் கம்மி, கிறிஸ்துமஸ் – நியூ இயர் வாரத்துல உச்சம். வெள்ளி, சனி ராத்திரிகளுக்கு மத்த நாளை விட அதிகம். அதனால ஞாயித்துக்கிழமை செக்-இன் பண்ணி வெள்ளிக்கிழமை காலி பண்ணினா பாயிண்ட் மிச்சம்.

மெம்பர் ஏன் தன் பாயிண்ட்டை வாடகைக்கு விடுறார்?

யாரும் சும்மா தள்ளுபடி தர மாட்டாங்க. விக்கிறவர் பக்கத்துலயிருந்து பார்த்தாதான் விலை ஏன் குறைவுன்னு புரியும்.

மெம்பர் வருஷா வருஷம் பராமரிப்புக் கட்டணம் கட்டியே ஆகணும், அந்த வருஷம் போனாலும் சரி, போகலைன்னாலும் சரி. உதாரணத்துக்கு ஒருத்தர்கிட்ட 150 பாயிண்ட் இருக்கு, பாயிண்ட்டுக்கு 9 டாலர் கட்டணம்னு வெச்சுக்குங்க. வருஷத்துக்கு 1,350 டாலர் கைய விட்டுப் போகுது. பாயிண்ட்டுக்கு எக்ஸ்பைரியும் உண்டு. குறிப்பிட்ட தேதிக்குள்ள சொன்னா அடுத்த வருஷத்துக்குத் தள்ளி வெக்கலாம், ஆனா ஒரு தடவை தள்ளினதைத் திரும்பத் தள்ள முடியாது. அதனால இந்த வருஷம் லீவு கிடைக்காத மெம்பர், பாயிண்ட் வீணாகிறதுக்குப் பதிலா உங்களுக்குக் கொடுத்துக் காசாக்குறார். நடுவுல புரோக்கர் கம்பெனிகள் இருக்கு. நேரடியா மெம்பர்கிட்டயே பேசியும் எடுக்கலாம்.

மெம்பர் தன்னோட சொந்த ரிசார்ட்டை 11 மாசம் முன்னாடியே புக் பண்ணலாம், மத்த டி.வி.சி. ரிசார்ட்டுகளை 7 மாசம் முன்னாடிதான். அதனால சீசன்ல நல்ல ரூம் வேணும்னா, அந்த ரிசார்ட்டைச் சொந்த ரிசார்ட்டா வெச்சிருக்கிற மெம்பரைப் பிடிக்கணும். ரேட்டும் கொஞ்சம் கூடுதலா இருக்கும்.

இப்ப கணக்கு

ரெண்டு பெரியவங்க, ரெண்டு குழந்தைங்க, 5 ராத்திரி, ஒரு ஸ்டுடியோ ரூம். கீழே இருக்கிறது எல்லாம் உதாரண எண்கள். நீங்க புக் பண்ற அன்னைக்கு வர்ற ரேட்டைப் போட்டு இதே மாதிரி கணக்குப் பண்ணிக்குங்க.

பாயிண்ட் வாடகை: ராத்திரிக்கு 15 பாயிண்ட், 5 ராத்திரிக்கு 75 பாயிண்ட். பாயிண்ட்டுக்கு 22 டாலர். மொத்தம் 1,650 டாலர்.

அதே ரூம், டிஸ்னியில நேரடியா, முழு விலை: ராத்திரிக்கு 550 டாலர், 5 ராத்திரிக்கு 2,750. அங்க பெரும்பாலான டிஸ்னி ஹோட்டல்கள்ல ரூம் வாடகைக்கு மேல 12.5% வரி. மொத்தம் 3,094 டாலர்.

வித்தியாசம் 1,444 டாலர். "அடேங்கப்பா, பாதி விலைதான்!"னு ஆபீஸ்ல சொன்னது சரிதான்னு தோணும். ஆனா இங்கதான் நிறைய பேர் நிறுத்திடறாங்க. இன்னும் ரெண்டு வரி எழுதணும்.

அதே ரூம், ஆஃபர் விலை: வருஷத்துல பல சமயம் டிஸ்னி தன்னோட ரூம்களுக்குத் தள்ளுபடி விடும். 30% தள்ளுபடின்னு வெச்சா 1,925, வரியோட 2,166 டாலர். வித்தியாசம் 516 டாலராகச் சுருங்கிடுச்சு.

சாதாரண டிஸ்னி ஹோட்டல்: பாப் செஞ்சுரி மாதிரி வேல்யூ ஹோட்டல்ல ராத்திரிக்கு 200 டாலர்னு வெச்சா, வரியோட 1,125 டாலர். பாயிண்ட் வாடகையை விட 525 டாலர் கம்மி!

இந்தக் கடைசி வரி ரொம்ப முக்கியம். பாயிண்ட் கிடைக்கலைன்னா நீங்க உண்மையிலேயே எந்த ரூம் எடுத்திருப்பீங்க? 550 டாலர் ரூமை எடுத்திருக்கவே மாட்டீங்கன்னா, "1,444 டாலர் சேமிச்சேன்"னு சொல்றது சேமிப்பு இல்ல. 525 டாலர் கூடுதல் செலவு. ஆடித் தள்ளுபடியில 8,000 ரூபாய் சேலையை 5,000-க்கு வாங்கிட்டு 3,000 மிச்சம் பண்ணேன்னு சொல்ற மாதிரிதான். நல்ல ரூமுக்காகத் தெரிஞ்சே கூடுதலா கொடுத்தா தப்பே இல்ல. அதைச் சேமிப்புன்னு மட்டும் பேர் வெக்காதீங்க.

நீங்க விட்டுக் கொடுக்கிறது என்ன?

ரத்து பண்ற உரிமை.

டிஸ்னியில ரூம் மட்டும் நேரடியா புக் பண்ணினா, முதல் ராத்திரி வாடகையை மட்டும் டெபாசிட்டா வாங்குவாங்க. கிளம்புறதுக்கு ஒரு வாரம் முன்னாடி வரைக்கும் ரத்து பண்ணினா அது முழுசா திரும்ப வந்துடும். டிக்கெட்டும் சேர்த்து பேக்கேஜா எடுத்தா 30 நாள் முன்னாடி வரைக்கும் அபராதம் கிடையாது.

பாயிண்ட் வாடகையில அப்படி இல்ல. பெரும்பாலும் புக் பண்ணும்போதே முழுப் பணம் கட்டணும், பெரும்பாலும் ரீஃபண்டும் கிடையாது. காரணம் மெம்பரோட கெட்ட எண்ணம் இல்ல, அந்த சிஸ்டமே அப்படி. செக்-இன்னுக்கு 30 நாளுக்குள்ள ரத்து பண்ணினா அந்தப் பாயிண்ட் ஒரு ஹோல்டிங் கணக்குக்குப் போயிடும், அடுத்த 60 நாளுக்குள்ள இருக்கிற தேதிகளுக்கு மட்டும்தான் அதை வெச்சு புக் பண்ண முடியும். அதுக்கு முன்னாடியே ரத்து பண்ணினாலும், எக்ஸ்பைரி நெருங்கிட்டா அவர் அதை வேற யாருக்கும் விக்க முடியாம போகலாம். அந்த நஷ்டத்தை அவர் ஏன் ஏத்துக்கணும்?

சரி, இந்த உரிமைக்கு என்ன விலை? பாயிண்ட் வாடகையில 1,650 டாலர், நீங்க போனாலும் போகலைன்னாலும் போயிடும். நேரடி புக்கிங்ல போனா மட்டும்தான் செலவு. அப்போ ட்ரிப் ரத்தாக எவ்வளவு வாய்ப்பு இருந்தா ரெண்டும் சமமாகும்?

ஃபார்முலா சுலபம். வித்தியாசத்தை நேரடி விலையால வகுங்க.

முழு விலையோட ஒப்பிட்டா: 1,444 ÷ 3,094 = 47%.
ஆஃபர் விலையோட ஒப்பிட்டா: 516 ÷ 2,166 = 24%.

அதாவது ஆஃபர் இருக்கிற சமயத்துல, உங்க ட்ரிப் ரத்தாக நாலுல ஒரு வாய்ப்பு இருந்தாலே பாயிண்ட் வாடகையோட லாபம் காலி. ஆஃபர் இல்லாத சீசன்னா, ரெண்டுல ஒண்ணுங்கிற அளவுக்குச் சந்தேகம் இருந்தாதான் நேரடி புக்கிங் ஜெயிக்கும்.

"மேடம், நாங்க கண்டிப்பா போவோம்"னு சொல்வீங்க. 11 மாசம் முன்னாடி எல்லாரும் அப்படித்தான் சொல்வோம்.

என் ஃப்ரெண்டோட தம்பி கதை

டல்லாஸ்ல எச்-1பி விசாவுல வேலை பார்க்கிற பையன். ஊர்லயிருந்து அப்பா அம்மா வர்றாங்க, டிசம்பர்ல எல்லாரும் டிஸ்னி போகலாம்னு ஜனவரியிலேயே 90 பாயிண்ட் வாடகைக்கு எடுத்தான். 1,980 டாலர். நல்ல டீல், எனக்கே ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினான். அக்டோபர்ல லேஆஃப்.

எச்-1பியில வேலை போனா அதிகபட்சம் 60 நாள்தான் டைம். அதுக்குள்ள வேற கம்பெனி கிடைக்கணும், இல்லைன்னா கிளம்பணும். நவம்பர் கடைசியில வேலை கிடைச்சிடுச்சு, ஆனா புது கம்பெனியில சேர்ந்த மாசமே லீவு கேட்க முடியுமா? ட்ரிப் போகல, பணமும் திரும்பல. அப்பா அம்மா டல்லாஸ் வீட்டுலயே இருந்துட்டு ஊருக்குத் திரும்பிட்டாங்க.

போன்ல அவன் சொன்னது: "அக்கா, ரெண்டாயிரம் டாலர் போனது கூட பரவால்ல. சம்பளமே வராத மாசத்துல, வாடகைக்கு யோசிச்சுட்டு இருந்தப்ப, அந்த ரெண்டாயிரம் அங்க மாட்டிக்கிட்டு கிடந்துச்சு பாருங்க, அதுதான் தாங்கல."

இதை எந்த ஃபார்முலாவும் காட்டாது. மேல போட்ட கணக்குல 1,650 டாலர்னா எப்பவும் 1,650 டாலர்தான். ஆனா நிஜத்துல ட்ரிப் எப்போ ரத்தாகும்? வேலை போனப்ப, வீட்டுல யாருக்காவது உடம்பு முடியாதப்ப, விசாவுல சிக்கல் வந்தப்ப. அதாவது, பணம் ரொம்பத் தேவைப்படுற அதே நேரத்துல. ரெண்டு அடியும் ஒண்ணாத்தான் விழும். அதனால எமர்ஜென்சி ஃபண்ட் இல்லாதவங்களுக்கு அந்த 24% கணக்கு பொருந்தாது. 10% வாய்ப்பு இருந்தாலே நேரடி புக்கிங்தான் என் சாய்ஸ்.

யாருக்கு எது?

பாயிண்ட் வாடகை எடுக்கலாம்:
• குறைஞ்சது 6 மாசச் செலவுக்கு எமர்ஜென்சி ஃபண்ட் தனியா இருக்கு.
• போற எல்லாருக்கும் விசா கையில இருக்கு. "அப்ளை பண்ணியிருக்கோம்" கணக்குல வராது.
• தேதி மாறாது. பிள்ளைங்க ஸ்கூல் லீவு, ஆபீஸ் லீவு ரெண்டும் உறுதி.
• அந்த லெவல் ரூம் உங்களுக்கு நிஜமாவே வேணும். அப்பா அம்மாவும் சேர்ந்து ஆறு பேர்னா ரெண்டு பெட்ரூம் வில்லா யோசிக்கலாம். ஒரு பெட்ரூம்லயிருந்தே முழு கிச்சனும் வாஷிங் மெஷினும் உண்டு. நாள் முழுக்க பார்க்ல நடந்துட்டு வந்து, அம்மாவுக்கு ரசம் சாதம் வெச்சுக் கொடுக்க முடியுறது சின்ன விஷயம் இல்ல. ஸ்டுடியோவுல ஃப்ரிட்ஜும் மைக்ரோவேவும்தான்.

நேரடியா புக் பண்ணுங்க:
• விசா ஸ்டாம்பிங், கம்பெனி மாற்றம், ப்ராஜெக்ட் முடிவுன்னு ஏதாவது ஒண்ணு தொங்கிட்டு இருக்கு.
• வீட்டுல கர்ப்பிணியோ, உடம்பு சரியில்லாத பெரியவங்களோ இருக்காங்க.
• வேல்யூ ஹோட்டலே போதும், ரூமுக்குத் தூங்க மட்டும்தான் வருவோம்னு நினைக்கிறீங்க.
• அந்தப் பணத்தைக் கார்டுல போட்டு மினிமம் டியூ கட்டப் போறீங்க. 24% வட்டியில 1,650 டாலர் 10 மாசம் ஓடினா 330 டாலர் வட்டி மட்டுமே. அப்படின்னா பாயிண்ட் வாடகை மட்டுமில்ல, இந்த ட்ரிப்பையே ஒரு வருஷம் தள்ளிப் போடுங்க.

ரெண்டுக்கும் நடுவுல ஒரு வழி

நான் யாருக்கும் முதல்ல சொல்றது இதுதான். தேதி முடிவானதும் டிஸ்னியில நேரடியா ரூம் மட்டும் புக் பண்ணுங்க. முதல் ராத்திரி டெபாசிட் மட்டும்தான் போகும், அதுவும் திரும்ப வரக்கூடியது. விசா, லீவு, ஃப்ளைட் எல்லாம் உறுதியானதும், கிளம்புறதுக்கு ரெண்டு மூணு மாசம் முன்னாடி பாயிண்ட் பக்கம் பாருங்க. எக்ஸ்பைரி நெருங்குற மெம்பர்கள் ஏற்கனவே புக் பண்ணி வெச்ச ரூமை அப்படியே வாடகைக்கு விடுவாங்க. உங்க தேதிக்குச் சரியா வந்தா அதை எடுத்துட்டு, நேரடி புக்கிங்கை ரத்து பண்ணிடுங்க. கிடைக்கலையா, கையில இருக்கிற ரூம்ல போங்க. ரிசார்ட் சாய்ஸ் குறையும், கிறிஸ்துமஸ் வாரத்துக்கு இது ஒத்து வராது. ஆனா ரிஸ்க் 11 மாசத்துலயிருந்து ரெண்டு மாசமா சுருங்கிடுது.

பணம் கட்டுறதுக்கு முன்னாடி செக் பண்ண வேண்டியது

1. ரிசர்வேஷன் மெம்பரோட கண்ட்ரோல்லதான் இருக்கும். மாத்துறதோ ரத்து பண்றதோ அவர்தான், டிஸ்னிக்கு நீங்க போன் பண்ணினா வேலைக்காகாது. அதனால எழுத்துல ஒப்பந்தம் கட்டாயம்.

2. கன்ஃபர்மேஷன் நம்பர் வாங்கி, உங்க டிஸ்னி ஆப்ல சேர்த்துப் பாருங்க. பேரு, தேதி, ரிசார்ட், ரூம் வகை, ஆள் எண்ணிக்கை எல்லாம் சரியா இருக்கான்னு பாருங்க. குழந்தை பேரும் இருக்கணும். ஒரு தடவை பார்த்துட்டு விட்டுடாதீங்க, மாசம் ஒரு தடவை பாருங்க.

3. கிரெடிட் கார்டுல கட்டுங்க. பிரச்சினை வந்தா டிஸ்ப்யூட் போட ஒரு வழி இருக்கும். முகம் தெரியாத ஆளுக்கு நேரா பேங்க் ட்ரான்ஸ்ஃபர் வேண்டாம்.

4. டி.வி.சி. விதிப்படி மெம்பர் எப்பவாவது வாடகைக்கு விடலாம், அதையே தொழிலா பண்ணக்கூடாது. ஒரே ஆள் நூறு ரூம் வெச்சு விக்கிறார்னா ஒதுங்கிடுங்க.

5. சொல்ற விலையில எல்லாம் அடக்கமா, போக முடியலைன்னா பேர் மாத்தி வேற குடும்பத்துக்குக் கொடுக்கலாமா, இந்த ரெண்டையும் எழுத்துல கேளுங்க.

6. பார்க் டிக்கெட் இதுல சேராது, அது எப்படியும் தனியா வாங்கணும். தினமும் ரூம் கிளீனிங்கும் கிடையாது. மத்தபடி பார்க்குக்கு அரை மணி நேரம் முன்னாடியே போறது, பஸ் வசதி எல்லாம் மத்த ரிசார்ட் கெஸ்ட் மாதிரியேதான்.

7. டிராவல் இன்சூரன்ஸ் எடுக்கும்போது எந்தக் காரணத்துக்கெல்லாம் பணம் தருவாங்கன்னு படிங்க. உடம்பு சரியில்லாதது பெரும்பாலும் கவர் ஆகும். விசா மறுப்பு சாதாரண பாலிசியில பெரும்பாலும் வராது. அமெரிக்காவுல எந்தக் காரணத்துக்காக ரத்து பண்ணினாலும் ஒரு பகுதி தர்ற பாலிசியும் இருக்கு, ஆனா முதல் பணம் கட்டின சில நாளுக்குள்ளயே எடுக்கணும். அந்த பிரீமியத்தையும் வாடகையோட சேர்த்துத்தான் ஒப்பிடணும்.

இந்தியாவிலிருந்து போறவங்களுக்கு ரெண்டு வரி

பாயிண்ட் வாடகையில முழு டாலரும் இன்னைக்கு ரேட்ல போகும், நேரடி புக்கிங்ல பெரும்பகுதி பின்னாடிதான் போகும். இடையில ரூபாய் சரிஞ்சா நேரடி புக்கிங் செலவு ஏறும். அதோட கார்டுல கட்டினா ஃபாரெக்ஸ் மார்க்கப், அது மேல ஜி.எஸ்.டி. உண்டு. பேங்க் மூலமா அனுப்பும்போது டி.சி.எஸ். பிடிச்சா பயப்படாதீங்க, அது செலவு இல்ல. 26ஏ.எஸ்.ல வந்திருக்கான்னு பார்த்து, ஐ.டி.ஆர். போடும்போது கிரெடிட் எடுத்துக்கலாம். ஆனா அதுவரைக்கும் அந்தப் பணம் உங்க கையில இருக்காது, பட்ஜெட்ல அதுக்கும் இடம் விடுங்க.

கடைசியா

விலை மலிவா இருக்கிற எந்த டீலைப் பார்த்தாலும் ஒரு கேள்வி கேளுங்க: "இதுல நான் எதை விட்டுக் கொடுக்கிறேன்? அது எனக்குத் தேவைப்படுற நாள் எப்படிப்பட்ட நாளா இருக்கும்?" நான்-ரீஃபண்டபிள் ஃப்ளைட் டிக்கெட்டுக்கும், லாக்-இன் இருக்கிற முதலீட்டுக்கும் இதே கேள்விதான்.

அந்தத் தம்பி இந்த வருஷம் திரும்ப பிளான் போடுறான். அப்பா அம்மாவுக்கு டிக்கெட் போட்டாச்சு. இந்தத் தடவை ரூம் நேரடி புக்கிங், ஆஃபர் விலையில. "516 டாலர் அதிகம் தெரியுமா?"னு கேட்டேன். "தெரியும்க்கா, அது தூக்கத்துக்குக் கொடுக்கிற காசு"ன்னான்.

உங்க எண்களைப் போட்டுப் பார்த்தப்ப எத்தனை சதவீதம் வந்துச்சுன்னு கமெண்ட்ல சொல்லுங்க. சந்தேகம் இருந்தா கேளுங்க, அடுத்த வீடியோவுல சேர்த்துச் சொல்றேன்.